ஏழுக்கு ஏழில் நின்றவர்

பெயர் குசகாபே ரியோஹெய். வயது இருபத்தாறு. சொந்த ஊர் இவாத்தே மாகாணம். தற்போதைய இருப்பிடம் டோக்கியோ, சுமிதா வட்டம், சிரோதாகா சுமோ கூடம், இரண்டாம் மாடி, பதினோரு பேர் படுக்கும் பொது அறை. தொழில் சுமோ மல்லன். சம்பளம் கிடையாது. சம்பளப் பிரிவுக்கு நேர் கீழே உள்ள பிரிவில், கடந்த ஜனவரிப் போட்டியின்போது, கிழக்கு வரிசை நான்காம் இடத்தில் இருந்தேன். முன் குற்றம் எதுவும் இல்லை.

விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று அதிகாரி முதலில் சொன்னார். சரி என்றேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன்.

சுமோவுக்கு வருவதற்கு முன் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் அமெரிக்கக் கால்பந்து ஆடினேன். முன்வரிசையில் நின்று எதிரில் இருப்பவனை முட்டித் தள்ளும் வேலை. படித்தது பொருளாதாரம். இரண்டிலும் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. அதன் பிறகு சிரோதாகா கூடத்தில் சேர்ந்தேன். அங்கே எனக்கு ஏழு வருடம் முன்பே சேர்ந்தவர் மினோவா, வயது இருபத்தொன்பது. சேர்ந்த முதல் நாள் அவர் என்னிடம், "ஹெல்மெட் எங்கடா?" என்று கேட்டார். மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தோன்றியதுபோல் சிரிக்கிறார்.

நாககுபோ என்பவரைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும். வயது ஐம்பத்திரண்டு. எங்கள் கூடத்தின் பழைய மல்லர். ரியோகோகு ரயில் நிலையத்துக்குப் பின்னால் மல்லர் உணவுக் கடை நடத்துகிறார். கோழி, முள்ளங்கி, டோஃபு எல்லாம் ஒரே சட்டியில் கொதிக்கும். கடைச் சுவரில் அவருடைய பழைய புகைப்படம் மாட்டியிருக்கிறது. சுமோவில் அவர் எட்டிய உயரம் அந்த ஆணியின் உயரம்தான். கடையின் உள்ளறையில் அவர் அமெரிக்கக் கால்பந்துக்குப் பந்தயம் எடுத்துவந்தார். செப்டம்பரிலிருந்து பிப்ரவரிவரை, வாரம் ஒரு முறை. அதை வெளிநாட்டில் யாருக்கு அனுப்பினார் என்பது எனக்குத் தெரியாது.

பந்தயம் கட்டியவர்களில் எனக்கு முகம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மினோவா. மற்றவர் பல் மருத்துவர் எபிசாவா, வயது அறுபத்து மூன்று, எங்கள் கூடத்தின் ஆதரவாளர். டோக்கியோவில் போட்டி நடக்கும் பதினைந்து நாளும் மண்மேடையை ஒட்டிய மெத்தையில் அவரைப் பார்க்கலாம். மடியில் ஒரு அட்டவணை வைத்திருப்பார். ஜெயித்தவன் பெயருக்கு நேரே வெள்ளை வட்டம், தோற்றவன் பெயருக்கு நேரே கறுப்பு வட்டம். இப்படி இருபத்திரண்டு வருட அட்டவணைகள் அவரிடம் இருக்கின்றன. நோயாளிகளின் பற்களை இவ்வளவு கவனமாகப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது.

அமெரிக்கக் கால்பந்து இவர்களில் யாருக்கும் தெரியாது. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்பதை மினோவாவுக்கு மூன்று பருவமாகச் சொன்னேன். ஆட்டம் நடக்கும்போது பந்து யார் கையில் இருக்கிறது என்பதை அவர் ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. நாககுபோ முயற்சி செய்யவில்லை. டாக்டர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

நான் கட்டினேனா என்று கேட்டார்கள். இரண்டு முறை, நவம்பரில், பத்தாயிரம் யென் வீதம். இரண்டிலும் ஜெயித்தேன். அதன் பிறகு கட்டவில்லை. சலிப்பாக இருந்தது. எந்த அணி ஜெயிக்கும் என்று கேட்டால் சொன்னேன், அதற்குச் சாப்பாடு போட்டார்கள். அதுவும் குற்றமென்றால் எழுதிக்கொள்ளவும்.

சுமோ ஆட்டங்கள்மீது அங்கே பந்தயம் நடந்ததா என்று மூன்று முறை கேட்டார்கள். நடக்கவில்லை. ஒருமுறை மினோவா அப்படி ஏதோ ஆரம்பித்தார். உடனே நாககுபோ அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சுமோ மேல கட்டறது சாமி மேல கட்டற மாதிரிடா. வாயக் கழுவு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, சட்டத்துக்கு மறைவாக, புரியாத ஒரு விளையாட்டின்மீது கட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை.

அடுத்த விஷயம் புரிவதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பளப் பிரிவு மல்லர் ஒரு போட்டியில் பதினைந்து முறை மோதுகிறார். எட்டு ஜெயித்தால் இடம் தங்கும். ஏழோடு நின்றால் இறங்குவார். கடைசி நாளில் ஏழு வெற்றி, ஏழு தோல்வி என்று நிற்பவர் மண்மேடை ஏறும்போது, எதிரில் நிற்பவர் தன் எட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டவராக இருந்தால், கை கொஞ்சம் தளரும் என்பது பார்வையாளர்களின் நெடுநாள் பேச்சு. யாரும் கேட்பதில்லை, யாரும் ஒப்புக்கொள்வதில்லை. இரக்கச் சுமோ என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள். நான் கண்ணால் கண்டதில்லை. கண்டேன் என்று எழுத வேண்டாம்.

ஜனவரி 3, சனிக்கிழமை மதியம், மேற்படி கடையில் டாக்டர் தன் அட்டவணைகளை விரித்தார். அமெரிக்காவில் அது பருவத்தின் கடைசி வாரம். மலை நகரத்து அணி ஒன்று முதலிடத்தை உறுதி செய்துவிட்டது, இனி தோற்றாலும் நஷ்டமில்லை. அதனுடன் மோதப்போகும் துறைமுக நகரத்து அணி ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. டாக்டர் கடைசி நாள் வட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டி, ஏழுக்கு ஏழில் நின்றவர்கள் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணினார். அதன் பிறகு துறைமுக அணிமீது கட்ட வேண்டும் என்றார்.

"எடம் கெடச்சவன் எதுக்குப்பா அடிச்சு ஆடப் போறான்? அவனும் மனுஷன்தான?"

முதலிட அணி தன் நல்ல ஆட்டக்காரர்களை உட்கார வைக்கும், மாற்று ஆட்களை அனுப்பும் என்று நான் சொன்னேன். அதைத்தான் தானும் சொல்வதாக டாக்டர் சொன்னார், விட்டுக்கொடுப்பதற்கு அவர்கள் ஊரில் அப்படி ஒரு வழி போலும் என்றார். மாற்று ஆட்களுக்கு அடுத்த வருட ஒப்பந்தம் கிடையாது, வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்கள் முகம் தொலைக்காட்சியில் தெரியும், எதிரில் பெற்ற தாய் நின்றாலும் முட்டித் தள்ளுவார்கள் என்று விளக்கினேன். மினோவா என் தோளைத் தட்டி, "நீ இன்னும் சின்னப் பையன்டா" என்றார். அதன் பிறகு அந்தப் பருவத்திலேயே பெரிய தொகைகளைத் துறைமுக அணிமீது கட்டினார்கள். நாககுபோ தானும் கட்டினார். பந்தயம் எடுப்பவன் கட்டக் கூடாது என்ற அளவுக்குக்கூட அவருக்குத் தொழில் தெரியவில்லை.

ஜனவரி 5, திங்கட்கிழமை. முழங்கால் வீங்கியிருந்ததால் எனக்கு அன்று பயிற்சி இல்லை. கடையிலிருந்து இரவல் வாங்கிய பெரிய சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச்சொல்லிக் காலை ஏழு மணிக்கு அனுப்பினார்கள். கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே நாககுபோவும் டாக்டரும், பல்வலி என்று பொய் சொல்லிப் பயிற்சிக்கு மட்டம் போட்டிருந்த மினோவாவும் கைக்கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நானும் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

துறைமுக அணி இருபத்துநான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. கடைசி நிமிடத்தில், எல்லாம் முடிந்துபோன பிறகு, மலை அணியின் மாற்று ஆள் ஒருவன் எதிராளியை ஐந்து கெஜம் பின்னால் தள்ளிக்கொண்டுபோய் அவன்மேலேயே விழுந்தான். மினோவா கைக்கணினியைப் பார்த்துக் கேட்டார்: "ஜெயிச்சாச்சுல்ல, அப்புறம் ஏண்டா மேல விழற?" உண்மையிலேயே பதிலை எதிர்பார்த்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இதுல ஆடறது மனுஷங்க இல்ல" என்றார். குரல் நடுங்கியது. பணத்துக்காக அல்ல. அவமானப்பட்டவர்போல் இருந்தார்.

நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். நாககுபோ என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சட்டிய வெச்சுட்டுப் போ. நீயும் அவனுங்க ஆளுதான்."

பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஜனவரி 11 அன்று போட்டி தொடங்கியது. எங்கள் பிரிவில் பதினைந்து நாளில் ஏழு முறைதான் மோத வேண்டும், நான்கு ஜெயித்தால் கரையேறியதாகக் கணக்கு. பதின்மூன்றாம் நாள் முடிவில் எனக்கு நான்கு வெற்றி, இரண்டு தோல்வி. பதினான்காம் நாள் மறுநாளைக்கான பட்டியல் வந்தது. ஏழாவது மோதலுக்கு என்னைச் சம்பளப் பிரிவுக்கு மேலேற்றியிருந்தார்கள். எதிராளி ஹமானோசாத்தோ, வேறு கூடத்தவர், வயது முப்பத்தைந்து, சம்பளப் பிரிவின் கடைசி இடத்தில் இருப்பவர். ஏழு வெற்றி, ஏழு தோல்வி.

அதாவது, நான் ஜெயித்தால் அவர் இறங்குவார், அநேகமாக அவருடைய இடத்துக்கு நான் போவேன். சம்பளம், தனி அறை, பணிவிடைக்கு ஆள், பட்டு இடைக்கச்சை எல்லாம் அவரிடமிருந்து எனக்கு மாறும். நான் தோற்றால் இருவரும் அவரவர் இடத்தில் இருப்போம். எனக்கு அடுத்த போட்டி உண்டு. முப்பத்தைந்து வயதில் இறங்குகிறவர் மறுபடி ஏறுவதில்லை. அதுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு நாககுபோ ஆள் அனுப்பினார். போனேன். டாக்டரும் இருந்தார். சட்டியிலிருந்து எனக்கு இரண்டு கிண்ணம் பரிமாறினார்கள். அதன் பிறகு நாககுபோ, ஹமானோசாத்தோவின் முழங்கால் அறுவைகளைப் பற்றியும், அவர் வீட்டுக் கடனைப் பற்றியும், அவர் எப்படிப்பட்ட நல்ல மனிதர் என்பது பற்றியும் நெடுநேரம் பேசினார். எனக்கும் முழங்கால் உண்டு என்றேன். அதன் பிறகு நடந்த பேச்சை வார்த்தை மாறாமல் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

"உனக்கு நாலு வந்தாச்சு தம்பி. அவனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்."

"அவர் அனுப்பிச்சாராண்ணே?"

"அவன் ஏண்டா அனுப்பறான்? இதெல்லாம் சொல்லி அனுப்பற விஷயமா? அவனுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவான்."

"அப்ப நான் அமெரிக்காக்காரன் மாதிரிதான் ஆடுவேன். மேல விழுவேன்."

டாக்டர் கோபப்படவில்லை. புன்னகைத்தார். மறுநாள் அட்டவணையை எடுத்து, என் கண்ணெதிரே, என் பெயருக்கு நேரே கறுப்பு வட்டம் போட்டார். பென்சிலில் அல்ல, மையில். "இருபத்திரெண்டு வருஷமாப் பாக்கறேன்பா" என்றார். மோதலுக்குப் பதினெட்டு மணி நேரம் முன்னால். நீங்கள் கைப்பற்றி ஆறாவது சான்றாக வைத்திருக்கும் தாள் அதுதான். நான் இரண்டாவது கிண்ணத்தை முடிக்காமல் எழுந்து வந்தேன். சம்மதம் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை.

ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல். சம்பளப் பிரிவில் மோதுகிறவனுக்கு அன்று ஒரு நாள் மட்டும் இலை வடிவக் கொண்டை கட்டிவிடுவார்கள். கட்டினார்கள். கழுத்து கனத்தது. மண்மேடையில் உப்பு வீசினேன். குனிந்து கையூன்றியபோது ஹமானோசாத்தோ அவசரப்பட்டு முன்னாலேயே பாய்ந்துவிட்டார். நடுவர் நிறுத்தினார். ஹமானோசாத்தோ என் மார்புக்கு ஒரு சாண் முன்னால் நின்று, தலையைத் தாழ்த்தி, "மன்னிச்சுக்கோ" என்றார். வியர்வையில் அவருடைய கொண்டை எண்ணெய் காதுவரை வழிந்திருந்தது. அதன் பிறகு மறுபடி குனிந்தோம். நான் பாய்ந்தேன். அவர் இடப்பக்கம் குதித்து விலகி, என் பிடரியில் கை வைத்து அழுத்தினார். நான் இரண்டு உள்ளங்கையும் மண்ணில் படும்படி விழுந்தேன். மொத்தம் இரண்டு நொடி. அவர் அப்படிக் குதிப்பார் என்று எனக்குத் தெரியாது.

நேருக்கு நேர் மோதாமல் அவர் குதித்து விலகியதற்குக் கூட்டம் முனகியது. மேல் வரிசையிலிருந்து ஒருவர், "இந்த வயசுல இது ஒரு பொழப்பா" என்றார். அரங்கம் முழுக்கக் கேட்டது. ஹமானோசாத்தோ எனக்கு வணக்கம் செலுத்தும்போது நிமிரவில்லை. ஜெயித்தவர் அவர்.

அன்று மாலை கூடத்தில் போட்டி நிறைவு விருந்து நடந்தது. நாககுபோ ஒரு முழுக் கடல்மீனைச் சுட்டு, வால் வளைத்து, கொண்டாட்டத்துக்கு அனுப்புவதுபோல் என் பெயருக்கு அனுப்பியிருந்தார். மினோவா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கல்லுன்னு நெனச்சேன்டா ஒன்ன" என்றார். கண் கலங்கியிருந்தார், பியர் நாற்றம். தோற்றேன், அவ்வளவுதான் என்றேன். "அதேதான், அதேதான். அப்படித்தான் சொல்லணும்" என்றார். டாக்டர் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "நீ நம்ம ஆளு" என்றார். பல் பிடுங்கும் கை. மென்மையாக இருந்தது. மூன்று வருடத்தில் அந்தக் கூடத்தில் யாரும் என்னிடம் அவ்வளவு அன்பாக இருந்ததில்லை. ஜெயித்த நாட்களில்கூட இல்லை. நான் மீனில் இரண்டு துண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அதன் பிறகு ஜனவரி 29 அன்று மேற்படி கடை சோதனையிடப்பட்டது. இன்று, பிப்ரவரி 4, காலை பத்து மணிக்கு என்னை இங்கே அழைத்து வந்தார்கள்.

நாககுபோ கொடுத்த வாக்குமூலத்தின் சுருக்கத்தை அதிகாரி எனக்குச் சொன்னார். ஹமானோசாத்தோ தன்னை அனுப்பிக் கேட்கச் சொன்னதாகவும், நான் சம்மதித்ததாகவும், தான் இருவருக்கும் உதவி செய்த இடையாள் மட்டுமே என்றும் அவர் சொல்லியிருக்கிறார். தப்பிக்க வேண்டுமானால் அவர் எதையும் சொல்வார். அது எனக்கு ஆச்சரியமில்லை. இந்தத் தாள்கள் சுமோ சங்கத்துக்குப் போகும், பேசி வைத்த ஆட்டம் என்று முடிவானால் இரண்டு பேர் பெயரும் பட்டியலிலிருந்து அடிக்கப்படும், ஓய்வுத் தொகையும் கிடையாது என்று அதிகாரி சொன்னார். ஹமானோசாத்தோவை விசாரித்தீர்களா என்று கேட்டேன். காலையிலிருந்து அடுத்த அறையில் இருக்கிறார், பயந்து குதித்தேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், நம்பும்படியாக இல்லை என்றார். ஏன் என்று கேட்டேன். தானும் முப்பது வருடமாகச் சுமோ பார்ப்பவர் என்றும், கடைசி நாளில் ஏழுக்கு ஏழில் நிற்பவர் எப்படி ஜெயிப்பார் என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். பல் மருத்துவருக்கும் காவல் அதிகாரிக்கும் இடையே உடுப்பைத் தவிர வேறு வித்தியாசம் தென்படவில்லை. இதை எழுதுவதா என்று கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன்.

அதன் பிறகு இதுவரை எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னேன். அவர் அப்படிக் குதிப்பார் என்று எனக்குத் தெரியாது என்ற வாக்கியம் தவறு. அதை அடித்துவிட்டுக் கீழே உள்ளதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது முறை குனிந்தபோது ஹமானோசாத்தோவின் இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியது. இரண்டு விரல் அகலம். கட்டைவிரல் மண்ணைத் தோண்டியது. எதிரில் இருப்பவனின் பாதத்தைப் பார்த்து, அவன் எந்தப் பக்கம் போகப்போகிறான் என்று அவனுக்கு முன்னால் தெரிந்துகொள்வதுதான் கால்பந்தில் நான்கு ஆண்டுகள் நான் கற்ற ஒரே விஷயம். பார்த்தேன். இடப்பக்கம் என்று தெரிந்தது. நிற்க நேரம் இருந்தது. நின்று, திரும்பி, அவர் இடுப்பைப் பிடித்து வெளியே தூக்கிப்போட நேரம் இருந்தது. நிற்கவில்லை. அவர் இருக்கப்போகாத இடத்தை நோக்கி முழு வேகத்தில் போனேன்.

ஏன் என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்று எழுதவும். இரக்கம் என்று எழுத வேண்டாம். அந்தச் சொல்லை என் பெயருக்குக் கீழே பார்க்க விரும்பவில்லை.

ஹமானோசாத்தோ என்னிடம் எதையும் கேட்கவில்லை, யாரையும் அனுப்பவில்லை. நான் பாதத்தைப் பார்த்தது அவருக்குத் தெரியாது. ஒரு கோழைத்தனமான குதிப்பால் என்னை ஜெயித்துவிட்டதாக நம்புகிறார், பத்து நாளாக அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருப்பார். அந்த வெட்கம் அவருடையது, அந்தக் குதிப்பும் அவருடையது. விட்டது நான் ஒருவன் மட்டும்.

இப்படி எழுதினால் சங்கம் என்னை நீக்கும், யோசித்துக்கொள்ள நேரம் வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படியானால் அடுத்த அறையில் இருப்பவரை இப்போதே அனுப்பிவிடலாம், அந்த நாற்காலி அவருக்குப் போதாது, அவர் முழங்கால் இவ்வளவு நேரம் மடங்கி இருக்கக் கூடாது என்றேன். இதை எழுத வேண்டாம் என்றும் சொன்னேன்.

மேற்கண்டவற்றை முதலிலிருந்து மறுபடி வாசிக்கக் கேட்டேன். ஒரு வாக்கியம் அடிக்கப்பட்டது, அதன் ஓரத்தில் என் விரல் ரேகை இருக்கிறது. மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, உண்மை. யாரும் வற்புறுத்தவில்லை.

ஒப்பம்: குசகாபே ரியோஹெய்
வலது ஆள்காட்டி விரல் ரேகை
பிப்ரவரி 4, மாலை 4.40